யன்னலோரம் நின்று வாசித்த கடிதம்

போன மாசி மாதம் அபிநயா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கந்தோரில் என் மேசைக்கு வந்தவள் அவள். இங்கேயே பிறந்து, ஒஸ்லோவிலேயே சட்டம் படித்த பிள்ளை. கந்தோரின் ஆண்டு நிறைவுக்கு ஒரு சிறு மலர் போடுகிறார்களாம். அதில் எங்கள் பழைய பிரிவுத் தலைவி ஹில்டேயைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"அங்கிள், கந்தோரின்ரை யுபிலேயும், அதுதான் ஆண்டு விழா, வருது. ஹில்டேயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அந்தக் கதிரையிலை இருந்த முதல் கறுப்பு ஜூரிஸ்ட் அவதானே. கிட்ட இருந்து பார்த்த ஆள் நீங்கள்தான்."

சரி என்றேன். கதையோடு கதையாக, ஹில்டே காலத்தில் கடிதங்களைச் சத்தமாக வாசித்த வழக்கம் இன்னும் நடக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. இப்போது கடிதங்களின் முதல் வரைவைக் கணினியே எழுதித் தருகிறதாம். இவர்கள் பார்த்துத் திருத்தி அனுப்பிவிடுகிறார்களாம்.

ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையிலிருந்து ஒரே காலையில் அந்தப் பக்கத்தை எழுதி அனுப்பினேன். நல்லாயிருக்கு என்று பதில் வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஹில்டேயின் அறிவு, நிதானம், நேர்மை, பெருந்தன்மை எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு கோப்பைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியைத்தான் இப்போது எழுதுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் செய்ததை மாற்றவில்லை.

நான் சட்டம் படித்த கதை நீளமானது, சுருக்கிவிடுகிறேன். நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு குளிர்காலம் மீனுக்கு முள் எடுத்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பகலில் மொழி படித்தேன், மாலையில் அலுவலகக் கட்டிடங்களைக் கூட்டித் துடைத்தேன். சட்டம் படித்து முடிக்கும்போது காதோரம் நரைத்துவிட்டது. அரச வேலை கிடைத்து, கழுத்துப்பட்டியோடு அப்படியான ஒரு கட்டிடத்துக்குள் போன முதல் கிழமை, நிலத்தில் சப்பாத்து அடையாளம் கண்டால் துடைக்கச் சொல்லிக் கை துருதுருத்தது.

எங்கள் வேலை மேன்முறையீடுகளைப் பார்ப்பது. ஊனமுற்ற பிள்ளைக்குப் பராமரிப்பு, முதியவருக்கு வீட்டு உதவி என்று கேட்டு, நகரத்தின் வட்டார நிர்வாகங்கள் மறுத்துவிட்டால் ஆட்கள் எங்களுக்கு எழுதுவார்கள். நாங்களும் மறுத்தால் பிறகு நீதிமன்றம்தான். அவ்வளவு தூரம் போகிறவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

ஹில்டேயின் தகப்பன் காம்பியா நாட்டு மாலுமி. தாய் தெற்குக் கரையோரத்தில் ஒரு சிறு நகரத்துக்காரி. நிறம் தகப்பனுடையது, பேச்சு அச்சொட்டாகத் தாயின் ஊர்ப் பேச்சு. தொலைபேசியில் மட்டும் அவரோடு பழகியவர்கள் நேரில் வந்து திகைத்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருநாள் வட்டாரத்தின் சார்பில் கூட்டத்துக்கு வந்த ஒரு வயதான சட்டத்தரணி, வாசலில் நின்ற ஹில்டேயிடம் தன் மேலங்கியைக் கழற்றி நீட்டினார். ஹில்டே அதை வாங்கி, தோள் மடிப்பைச் சரிசெய்து கொழுவியில் மாட்டினார். பிறகு உள்ளே வந்து மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்கினார். மனிசனுக்கு முகம் கன்றிப்போயிற்று. கூட்டம் முடிந்து அவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது, ஏழாம் பக்கத்தில் ஒரு கையொப்பம் குறைகிறது என்று மட்டும் ஹில்டே சொன்னார்.

அவர் பிரிவுத் தலைவியானபோது பத்திரிகையில் படம் வந்தது. யாரோ அதை வெட்டி மதியச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தார்கள். ஹில்டே அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இரண்டாவதாக வருகிற ஆள் பிழை விடலாம். முதலாவது ஆளுக்கு அந்த வசதி இல்லை." அப்போது அது எனக்கு வீரமான பேச்சாகத் தெரிந்தது. அதிலிருந்த பயம் தெரியவில்லை.

அவருடைய வாசிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். மறுப்புக் கடிதம் எதுவும் ஹில்டேயின் காதில் விழாமல் வெளியே போகாது. கிழமையில் இரண்டு பின்னேரம் கடிதங்களோடு அவர் அறைக்குப் போவோம். கதவைச் சாத்திவிட்டு யன்னலோரம் நிற்கவேண்டும், இருக்கக்கூடாது. கடிதம் யாருக்குப் போகிறதோ அவர் பெயரை முதலில் சொல்லவேண்டும். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசிக்கவேண்டும். அந்த ஆள் முன்னால் நின்றால் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வீர்களா என்பதுதான் சோதனை. ஹில்டே கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். கையில் பேனை இராது. எங்கள் குரல் எங்காவது இறங்கினால் ஒரு விரல் உயரும். "அந்த வரி" என்பார். குரல் இறங்குகிற இடத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. அந்த வரியைத் திருத்தி மறுமுறை கொண்டுபோகவேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கோப்பில் இல்லாத ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?" இல்லை என்று சொன்னால்தான் பேனையை எடுப்பார். நான் எழுதியவன் என்று கையொப்பம் வைப்பேன், அவர் கேட்டவர் என்று வைப்பார்.

இனி என் குணத்தையும் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முறையீட்டை ஏற்று எழுதினேன். சட்டப்படி ஏற்கவேண்டிய முறையீடுதான். மதியச் சாப்பாட்டில் பக்கத்திலிருந்தவர் பாணுக்குப் பாற்கட்டியைச் சீவிக்கொண்டே, உங்கள் மச்சானோ என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து தமிழ்ப் பெயருள்ள கோப்பு வந்தால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். மற்றவரிடம் இரண்டு பத்திரம் கேட்டால் எங்கள் ஆட்களிடம் மூன்று கேட்பேன். தமிழ் நிகழ்வுகளுக்குப் போவதைக் குறைத்தேன். யாராவது விண்ணப்பம் பற்றிக் கதை எடுத்தால் தேநீர்க் கோப்பையோடு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவேன். இதையெல்லாம் நான் நேர்மை என்று நினைத்திருந்தேன். ஒருமுறை ஹில்டே என்னைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்களிடம் ஒரு பத்திரம் கூடுதலாகக் கேட்கிறீர்கள், கவனித்தீர்களா என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்று சாதித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கோப்பு ஒரு இலையுதிர் காலத்தில் வந்தது. ஸ்டோவ்னரில் மாடிக் குடியிருப்பொன்றில் வாழும் தாய். யோகராணி என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குப் பதினாறு வயது. நடக்கமாட்டாள், குழாயால்தான் சாப்பாடு, அடிக்கடி வலிப்பு வரும். தகப்பனுக்கு ஸ்தவாங்கரில் வேலை, மாதத்தில் இரண்டு முறை வந்து போவார். தாய் கேட்டது கிழமையில் இரண்டு இரவு. அந்த இரண்டு இரவும் யாராவது மகளைப் பார்த்தால், தான் நித்திரை கொள்ளலாம் என்பதுதான் விண்ணப்பம். வட்டாரம் மறுத்திருந்தது.

மறுப்புக்கு அடிப்படை, வட்டாரத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிய இரண்டு பக்க அறிக்கை. வீடு பளிச்சென்று இருக்கிறது, மகள் பட்டுச் சட்டை போட்டு அமைதியாக இருக்கிறாள், தாய் சிரித்த முகமாக இருக்கிறார், தானே செய்த நான்கு வகைச் சிற்றுண்டியோடு தேநீர் தந்தார், பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொன்னார் என்று அதில் இருந்தது. எழுதிய பெண்ணில் குறை சொல்லமாட்டேன். கண்டதை எழுதினாள்.

நான் அந்த நான்கு வகையை வாசித்துவிட்டு அப்படியே இருந்தேன். எனக்கு அந்த வீடு தெரியும். யோகராணியை அல்ல, அந்த வீட்டை. அரசாங்கத்து ஆள் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா? முதல் நாளே கூட்டிக் கழுவி, மூலையில் கிடந்த மருந்துப் பெட்டிகளையும் அணையாடைக் கட்டுகளையும் அறைக்குள் தள்ளிப் பூட்டி, வடையும் ரோல்சும் பற்றிசும் சுட்டு, பிள்ளைக்கு நல்ல உடுப்புப் போட்டு, வந்தவர் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வந்த ஆளிடம் எங்கள் சீரழிவைக் காட்டுவது எங்களுக்கு மரியாதை இல்லை. உதவி கேட்டு வரவழைத்த ஆளிடமே உதவி தேவையில்லாத வீட்டைக் காட்டி அனுப்புகிற பிழையை நாங்கள்தான் விடுவோம். என் வீட்டில் என் மனைவியும் அப்படித்தான் செய்வாள்.

எழுதியிருக்கலாம். இந்த உபசரிப்பைச் சமாளிப்புக்கு ஆதாரமாக எடுக்கமுடியாது, மொழிபெயர்ப்பாளரோடு இன்னொருமுறை போய்ப் பாருங்கள் என்று இரண்டு வரி போதும். ஆனால் அந்த இரண்டு வரியை எழுதத் தமிழனாக இருக்கவேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மச்சானோ என்ற அந்தக் குரல் காதில் கேட்டது.

ஒன்று மட்டும் செய்தேன், அது செய்யாததைவிடக் கேடு. விபரம் உறுதிப்படுத்த யோகராணிக்குத் தொலைபேசி எடுத்தேன். நோர்வே மொழியில் என் பெயரைச் சொல்லி, எங்கிருந்து பேசுகிறேன் என்றும் சொன்னேன். பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் மூச்சு மாறியது.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

அந்தக் குரலில் இருந்த ஆறுதல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நான் பதில் சொல்லவில்லை. இது அலுவல் தொடர்பான அழைப்பு, தேவையென்றால் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யலாம் என்று நோர்வே மொழியிலேயே சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், வேண்டாம், எல்லாம் நல்லம், நன்றி என்றார். நான் கேட்ட மற்றக் கேள்விகளுக்கும் அதுதான் பதில். கோப்பில், தாயுடன் பேசப்பட்டது, நான்கு நிமிடம், புதிய தகவல் எதுவும் இல்லை என்று பதிந்தேன்.

கடிதத்தை எழுதி ஹில்டேயிடம் கொண்டுபோனேன். யன்னலோரம் நின்று யோகராணியின் பெயரைச் சொல்லி வாசித்தேன். வீடு ஒழுங்காக இருந்ததும், தாய் தானே தயாரித்த சிற்றுண்டிகளால் உபசரித்ததும், அவர் பராமரிப்பைச் சமாளிக்கிறார் என்பதைக் காட்டுகின்றன என்ற இடத்தில் விரல் உயர்ந்தது.

"அந்த வரி."

அறிக்கையில் உள்ளதைத்தான் எழுதினேன் என்றேன். ஹில்டே கண்ணைத் திறந்து கதிரையை என் பக்கம் திருப்பினார். வாசிப்பில் அவர் என் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கோப்பில் இல்லாத ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை."

அவர் பேனையை எடுக்கவில்லை. கீழே தெருவில் ட்ராம் ஒன்று போய் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதே கேள்வியை அதே குரலில் இரண்டாம் முறை கேட்டார். யாரிடமும் அவர் இரண்டு முறை கேட்டதில்லை. இரண்டாம் முறையும் இல்லை என்றேன். அவர் கையொப்பம் வைத்தார்.

பங்குனி மாதத்தில், ஒரு மதிய நேரம், மகளைக் குளியலறையிலிருந்து தூக்கிவரும்போது யோகராணி விழுந்தார். நித்திரை இல்லாத உடம்பு, கால் தடுக்கியது என்று சொல்லவும் முடியாது, நின்றபடியே கண் இருண்டிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்தது. அயல்வீட்டுப் பெண் பின்னேரம் வேலையால் வந்து சத்தம் கேட்டுத்தான் கதவு திறக்கப்பட்டது. அதுவரை தாயும் மகளும் அந்த நிலத்திலேயே கிடந்தார்கள். மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் தாயால் இனி அவளைத் தூக்கமுடியாது என்றாயிற்று. பிள்ளையை ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு இரவு கேட்டவரிடமிருந்து எல்லா இரவையும் எடுத்துவிட்டோம்.

பத்திரிகைகள் எழுதின. ஹில்டேயின் பழைய படத்தை மறுபடி போட்டார்கள். அப்போது அவர் மேலிடத்தில் ஒரு பெரிய சட்டப் பதவிக்கான கடைசிப் பட்டியலில் இருந்தார். கிடைத்திருந்தால் அந்தக் கதிரைக்கும் அவர்தான் முதலாவது ஆள். உள்விசாரணையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். போதிய அளவு ஆராயாமல் ஏன் முடிவெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். என்னை அவர்கள் பார்க்குமுன் ஹில்டே சொன்னார்: "கடிதம் எனக்கு வாசிக்கப்பட்டது. நான் கேட்டேன். கேட்டபின் கையொப்பம் வைத்தேன்." அதற்குமேல் என் பக்கம் ஒரு சொல்லும் வரவிடவில்லை. அந்த நான்கு நிமிடத்தை நான் அங்கே சொல்லியிருக்கவேண்டும். தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஹில்டே அந்தப் பட்டியலிலிருந்து தானாக விலகினார். இரண்டு வருடம் கழித்துத் தாயின் ஊரில் நகரசபையில் ஒரு சாதாரணச் சட்ட வேலைக்குப் போய்விட்டார். எனக்குக் கண்டனமும் இல்லை, இடமாற்றமும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று பூச்செண்டும் கேக்கும் தந்தார்கள். மனச்சாட்சியுள்ள அலுவலர் என்று ஒருவர் பேசினார். கேக்கை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அபிநயாவுக்குக் கட்டுரை அனுப்பிய கிழமை ஹில்டேக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். சுகம் விசாரித்து, மலரைப் பற்றிச் சொல்லி, பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வகை, மச்சான், தமிழோ என்ற கேள்வி, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. கண்ணை மூடியிருப்பார் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றார் ஹில்டே. "எங்கள் வீட்டுக்கு அதிகாரிகள் வருகிற நாளில் என் அம்மாவும் விடியவே எழும்பிக் கேக் சுடுவார். கறுத்த பிள்ளை இருக்கிற வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று. அந்த வரியைக் கேட்டபோதே எனக்குப் பிடிபட்டது."

பிறகு ஏன் கையொப்பம் வைத்தீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன அருகதை, ஆனாலும் கேட்டேன்.

"நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் அது கோப்பில் இருக்கும். நானாகத் திருப்பி அனுப்பினால், இரண்டு வெளிநாட்டுக்காரரும் சேர்ந்து ஒரு வெளிநாட்டுக்காரிக்கு வழி பார்க்கிறார்கள் என்று சாப்பாட்டு அறையில் கதைப்பார்கள் என்று பயந்தேன். உங்கள் பயத்தின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அதனால்தான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று அந்த மலரில் எழுதிவிடாதீர்கள்."

எழுதிவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார், சந்தோஷமான சிரிப்பு இல்லை. பிறகு சொன்னார்: "ஆனால் நீங்கள் பிழையான ஆளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறீர்கள். உங்களிடம் தமிழோ என்று கேட்டது நானில்லை."

கோப்பில் பார்த்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுவது முறையில்லை. யோகராணிக்குக் கடிதம் எழுதினேன். நான் யார், எதற்கு வர விரும்புகிறேன், வேண்டாமென்றால் பதிலே தேவையில்லை என்று, தமிழில். உறையில் போடமுன் யன்னலோரம் நின்று அதைச் சத்தமாக வாசித்தேன். யாரோடை கதைக்கிறியள் என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்டாள். குரல் இரண்டு இடத்தில் இறங்கியது. இரண்டையும் திருத்தினேன். நான்காம் நாள் கைபேசியில், சனிக்கிழமை மூன்று மணிக்கு வாங்கோ என்று செய்தி வந்தது.

ஸ்டோவ்னருக்கு ரயிலில் போனேன். ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தார். வீடு கிடந்தபடி கிடந்தது. உடுப்புகள் கதிரைமேல், மருந்துப் பெட்டிகள் மேசைமேல், சுவரில் பட்டுச் சட்டை போட்ட மகளின் படம். வெறும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார், பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான் சுற்றிப் பார்ப்பதைக் கண்டார் போல.

"இப்ப ஆர் வந்தாலும் நான் கூட்டுறேல்லை, அண்ணை. பலகாரமும் சுடுறேல்லை. அண்டைக்குச் சுட்டதாலைதானே இல்லையெண்டவை. கடிதத்திலையே எழுதியிருந்தது. பிள்ளையின்ரை அப்பா வாசிச்சுச் சொன்னவர். என்ரை கையாலை நானே கெடுத்துப்போட்டன்."

இத்தனை வருடமும் அவர் அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் எழுதிய ஒரு வரி அது. இல்லை தங்கச்சி, பிழை உங்களில் இல்லை, அந்த வரியை எழுதினவன் நான், வடை ஏன் சுட்டனீங்கள் எண்டு தெரிஞ்சுகொண்டே எழுதினனான் என்று சொன்னேன். அழக்கூடாது என்று வந்தவன் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குப் போனிலை உங்களை ஒண்டு கேட்டனான்" என்றார் கடைசியில். "நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் எல்லாத்தையும் கொட்டியிருப்பன். நீங்கள் இன்னும் அதுக்கு மறுமொழி சொல்லேல்லை."

"ஓம் தங்கச்சி" என்றேன். "நான் தமிழ்தான்."